கிட்னி மாற்றுக்குப் பின் மாத்திரை டப்பா யார் கையில்? 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கான கேள்வி பதில்கள்

மாற்று கிட்னியோடு வளரும் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மா அப்பாவும் ஓ.பி.யில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பிள்ளைகள் கேட்டதற்குப் பிள்ளைகளிடமும், பெற்றோர் கேட்டதற்குப் பெற்றோரிடமும் நேராகவே பேசியிருக்கிறோம். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை முடிவு செய்கிறவர் உங்கள் நெஃப்ராலஜி (கிட்னி) டாக்டர். அவர் எழுதிக் கொடுத்ததை வீட்டிலும் ஹாஸ்டலிலும் தவறாமல் நடத்துவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

கிட்னி வைத்து நாலு வருஷம் ஆச்சு, உடம்பு நல்லாத்தான் இருக்கு. போன மாசம் ஒரு வாரம் மாத்திரை விட்டேன், ஒண்ணும் ஆகலையே?

ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பை வைத்துச் சொல்ல முடியாது. கிட்னி வலித்துக் காட்டாது. நிராகரிப்பு, அதாவது ரிஜெக்‌ஷன், தொடங்கும்போது பெரும்பாலும் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வீக்கமும் இல்லை. ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, மட்டும் சத்தமில்லாமல் ஏறும். கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, உங்களுக்கே தெரியவரும்போது திரும்பாத சேதம் நடந்திருக்கலாம். ஒரு வாரம் விட்டது உண்மையென்றால் இன்றே டாக்டரிடம் சொல்லி, கிரியேட்டினினும் டேக்ரோ லெவலும் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டேக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது) பாருங்கள். திட்டுவார்களே என்று மறைத்தால், ஏறிய கிரியேட்டினினுக்கு டாக்டர் வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார். அந்த நாட்கள் வீண்.

எத்தனை வருஷம் ஆனாலும் உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு இந்தக் கிட்னி வெளியாள்தான். பழகிப் போகும் என்பது தவறான நம்பிக்கை. மாத்திரை விட்டு விட்டுப் போகும் இடைவெளிகளில், கிட்னி கொடுத்தவருடைய திசுவுக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புச் சக்தி தயாரிக்கும் தாக்கும் பொருள்) உங்கள் ரத்தத்தில் உருவாகலாம். ஒருமுறை உருவானால் அதை முழுதாக அகற்றுவது மிகக் கடினம். மாதங்கள், வருஷங்கள் என்று மெதுவாகக் கிட்னியின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அது கெடுத்துக்கொண்டே இருக்கும்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீண்ட நாள் சாப்பிட்டவர்களின் அட்ரினல் சுரப்பி, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பி.பி. விழுந்து மயக்கம் வரை போகலாம்.

இந்த வயசுல மட்டும் ஏன் இவ்வளவு பயமுறுத்துறீங்க?

மாற்று கிட்னி பறிபோகும் அபாயம் மற்ற வயதுகளைவிட 17 முதல் 24 வயதுக்குள் அதிகம் என்பது வெளிநாட்டுப் பதிவேடுகளில் தெளிவாகத் தெரிந்த உண்மை. சின்னக் குழந்தைக்கு அம்மா ஊட்டிவிடுகிறார். நாற்பது வயதுக்காரர் தானே பார்த்துக்கொள்கிறார். நடுவில் உள்ளவர்களுக்குப் பள்ளி போய்க் கல்லூரி, வீடு போய் ஹாஸ்டல், குழந்தைகள் டாக்டர் போய்ப் பெரியவர்கள் டாக்டர் என்று எல்லாமே ஒரே சமயத்தில் மாறுகிறது. பழைய கை விட்டுவிடுகிறது, புதுக் கை இன்னும் பிடிக்கவில்லை.

இது மாற்ற முடியாத விதி அல்ல. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நேராகப் பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றப்பட்ட 9 பேரில் 6 பேர் கிட்னியை இழந்தார்கள். அதன்பின் இரு பிரிவு டாக்டர்களும் சேர்ந்து பார்க்கும் இளையோர் கிளினிக் தொடங்கி, இளைஞர்களோடு பேச ஒரு பணியாளரையும் வைத்தார்கள். அந்த வழியில் வந்த 12 பேரில் ஒருவரும் இழக்கவில்லை. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் கைமாற்றும் விதத்தை மாற்றினாலே பலன் உண்டு என்று அது காட்டியது.

எந்த வயசுல எதைப் பிள்ளை கையில விடுறது? எனக்கு நம்பிக்கையே வரமாட்டேங்குது.

பதினெட்டாவது பிறந்தநாளில் ஒரே நாளில் விடக்கூடாது. அதுதான் பெரிய தவறு. 12 வயதில் தன் மாத்திரைகளின் பெயரும் அது எதற்கு என்பதும் பிள்ளை வாயால் வரவேண்டும். "வெள்ளை மாத்திரை ரெண்டு, ரோஸ் ஒண்ணு" என்பது போதாது. கம்பெனி மாறினால் நிறமும் மாறும். 14 வாக்கில் டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் சும்மா உட்கார வேண்டும். இது பெற்றோருக்குத்தான் கஷ்டம். ஓ.பி.யில் "தூக்கம் எப்படி இருக்கு?" என்று பிள்ளையைக் கேட்டால் அம்மா பதில் சொல்லும் காட்சியைத் தினமும் பார்க்கிறோம். அந்த வயதிலேயே டாக்டரோடு ஐந்து நிமிஷமாவது தனியாகப் பேச விடுங்கள். உங்கள் முன்னால் சொல்லாத ஒன்றை அங்கே சொல்லும்.

15, 16 வயதில் வார மாத்திரை டப்பாவைப் பிள்ளை நிரப்பட்டும், நீங்கள் சரிபாருங்கள். 17-ல் ரத்தப் பரிசோதனைத் தேதி, மாத்திரை தீரும் தேதி, ஓ.பி. தேதி மூன்றையும் அவர்களே நினைவில் வைக்க வேண்டும். நீங்கள் வாரம் ஒருமுறை டப்பாவைப் பார்த்தால் போதும். வயது ஒரு குறிப்புதான். பதினாலில் பொறுப்பாக இருக்கும் பிள்ளையும் உண்டு, இருபதிலும் தயாராகாத பிள்ளையும் உண்டு.

லெவல் ஒருமுறை குறைந்துவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். ஒரு படி மட்டும் பின்னால் வாருங்கள்: டப்பாவை அவர்களே நிரப்பட்டும், இரவு மாத்திரையை மட்டும் ஒரு மாதம் உங்கள் எதிரில் போடட்டும்.

டேக்ரோலிமஸ் சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா? மணி எவ்வளவு கறாரா இருக்கணும்?

ஒரு நாளைக்கு இரண்டு வேளை போடும் வகையென்றால் 12 மணி நேர இடைவெளி. காலை 8, இரவு 8 அல்லது காலை 9, இரவு 9. உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காலை 7.30-க்குப் பஸ் பிடிப்பவர் 8 மணியைத் தேர்ந்தெடுத்தால் நின்றுகொண்டே போகிற பஸ்ஸில்தான் மாத்திரை போட வேண்டிவரும். 7 மணி வைத்துக்கொள்வது நல்லது. அரை மணி நேரம் முன்பின் ஆனால் பரவாயில்லை.

வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ போட்டால் மருந்து நன்றாக உறிஞ்சப்படும். வயிறு ஒத்துக்கொள்ளாமல் டாக்டர் சாப்பாட்டோடு போடச் சொல்லியிருந்தால் தினமும் அப்படியே போடுங்கள். ஒரு நாள் வெறும் வயிறு, மறுநாள் நெய் ரோஸ்ட்டோடு என்று மாறிக்கொண்டே இருந்தால் லெவலும் ஆடும். ஏறி இறங்கும் லெவலே கிட்னிக்குக் கெடுதல்.

பம்ப்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் வேண்டாம். மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியை அவை தடுப்பதால் டேக்ரோ லெவல் எகிறும். சாதாரண ஆரஞ்சு, சாத்துக்குடிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மறந்துட்டேன். இப்ப போடலாமா? வாந்தி எடுத்தா?

நினைவு வந்தவுடன் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட்டு, அடுத்ததை அதன் நேரத்தில் போடுங்கள். எத்தனை மணி நேரம் வரை தாமதமாகப் போடலாம் என்ற கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். அதைக் கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் இரண்டு வேளையைச் சேர்த்துப் போடாதீர்கள். டேக்ரோ அதிகமானால் கை நடுக்கம், தலைவலி வரும், கிட்னியின் ரத்தக் குழாயும் சுருங்கும்.

மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி போடச் சொல்வதுதான் பெரும்பாலும் வழக்கம். ஒரு மணி நேரம் தாண்டியிருந்தால் வேண்டாம். இரண்டு வேளை தொடர்ந்து நிற்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள். ஊசி வழியாகவாவது மருந்து போயாக வேண்டும்.

வயிற்றுப்போக்கு ஏமாற்றும். மருந்து வெளியே போய் லெவல் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு: குடல் சுவர் பாதிக்கப்படுவதால் டேக்ரோ லெவல் பெரும்பாலும் ஏறும். அதோடு நீரும் வற்றுவதால் கிரியேட்டினின் இரண்டு வழியிலும் உயரும். ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் லெவல் பார்க்க வேண்டும்.

மாத்திரை டப்பாவை எப்படி நிரப்புறது?

ஞாயிறு மாலை, டிவியும் போனும் இல்லாமல் பதினைந்து நிமிஷம். ஏழு நாளுக்குக் காலை, இரவு என்று 14 அறை உள்ள டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். டாக்டரின் கடைசிச் சீட்டை எதிரில் வையுங்கள். நினைவை வைத்து நிரப்பாதீர்கள், போன வாரம் டோஸ் மாறியிருக்கலாம். ஒவ்வொரு மருந்தாக எடுத்து 14 அறைக்கும் போட்டு முடித்துவிட்டு அடுத்த மருந்துக்குப் போங்கள்.

டேக்ரோலிமஸ் கேப்சூலை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து டப்பாவில் போட்டு வைக்கக்கூடாது. ஈரக்காற்று பட்டால் கெடும். நம் ஊரின் ஐப்பசி மழையில் சொல்லவே வேண்டாம். கத்தரிக்கோலால் அட்டையை ஒவ்வொரு கேப்சூலாக நறுக்கி, அந்தத் துண்டோடு அறையில் போடுங்கள். போடும் நேரத்தில் பிதுக்குங்கள். நறுக்கும்போது பெயரும் மி.கி.யும் உள்ள பக்கம் கடைசி வரை தப்பினால் நல்லது. 0.5 மி.கி.யும் 1 மி.கி.யும் ஒரே கம்பெனியில் ஒன்றுபோலவே இருக்கலாம், அங்கேதான் கை தவறுகிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான மைக்கோஃபீனோலேட்டை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

நிரப்பி முடித்ததும் மீதி அட்டைகளை எண்ணுங்கள். பத்து நாளைக்குக் கீழே போனால் அன்றே வாங்க ஏற்பாடு செய்யுங்கள். இந்த மாத்திரைகள் எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது. சின்ன ஊரில் சொல்லிவைத்து இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டிவரும்.

லெவல் டெஸ்ட்டுக்குப் போற அன்னைக்குக் காலை மாத்திரை போடலாமா?

டேக்ரோவைப் போடக்கூடாது. முந்தின இரவு 8 மணிக்குப் போட்டிருந்தால் காலை 8 மணிக்கு, அதாவது மருந்து ரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், ரத்தம் கொடுக்க வேண்டும். காலை வேளையைச் சட்டைப்பையில் கொண்டுபோய், ரத்தம் எடுத்த கையோடு போடுங்கள். போட்டுவிட்டுப் போனால் எண் பொய்யாக உயர்ந்து தெரியும். டாக்டர் டோஸைக் குறைப்பார். உண்மையில் குறைந்திருந்த மருந்து இன்னும் குறையும். தவறிப் போட்டுவிட்டால் லேபில் சொல்லி இன்னொரு நாள் வாருங்கள். பி.பி. மாத்திரை போன்றவற்றை வழக்கம்போல் போடலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ பி.பி. பட்டை கட்டவோ விடாதீர்கள். லேபில் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை டெஸ்ட் என்றால், பொதுவாக முதல் மாதத்தில் வாரம் இரண்டு மூன்று தடவை, மூன்று மாதம் வரை வாரம் ஒருமுறை, ஆறு மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருஷம் வரை மாதம் ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. டோஸ் மாறினால், வேறு மருந்து சேர்ந்தால் நடுவிலும்.

ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 1.2, நார்மல்னுதான் போட்டிருக்கு. டாக்டர் ஏன் முகம் மாறினார்?

லேப் அச்சடிக்கும் நார்மல் உங்களுக்கானது அல்ல. உங்களுடைய வழக்கமான எண் 0.9 என்றால், 1.2 என்பது மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். லேபின் எல்லைக்குள் இருப்பதால் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழாது, தடித்த எழுத்தும் வராது. ஆனால் கால் பங்குக்கு மேல் ஏறினாலே காரணம் தேட வேண்டும். தேவைப்பட்டால் பயாப்ஸி (கிட்னியிலிருந்து ஊசியால் துளித் திசு எடுத்துப் பார்ப்பது) வரை போவார்கள்.

ஆகவே மூன்று எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள்: உங்கள் வழக்கமான கிரியேட்டினின், டாக்டர் உங்களுக்கு வைத்திருக்கும் டேக்ரோ லெவல் இலக்கு, உங்கள் பி.பி. இலக்கு. ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். தனி ரிப்போர்ட்டில் தெரியாதது வரிசையாகப் பார்த்தால் தெரியும்: 0.9, 0.9, 1.0, 1.1.

ஏற்றம் எல்லாமே ரிஜெக்‌ஷன் அல்ல. வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காதது, முந்தின இரவு நிறைய மட்டன், டேக்ரோ அதிகமானது, சிறுநீர்த் தொற்று, தொற்றுக்கான கோட்ரைமாக்சசோல் மாத்திரை என்று பல காரணங்கள் உண்டு. தண்ணீர் குடித்துவிட்டு, அதே லேபில், ஓரிரு நாளில் திரும்பப் பார்ப்பது முதல் படி. அந்த மறு டெஸ்ட்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

மருந்துக்கடைக்காரர் "அதே மருந்துதான், வேற கம்பெனி"ன்னு கொடுத்தார். வாங்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். டேக்ரோலிமஸில் தேவையான அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகல். கம்பெனி மாறினால் ஒரு வாரம் போல் கழித்து லெவல் பார்க்க வேண்டும். அதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. தினம் இரண்டு வேளை வகையும், மெதுவாகக் கரையும் ஒரு வேளை வகையும் இரண்டும் டேக்ரோலிமஸ்தான், பெயரும் ஒட்டியே இருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் லெவல் தாறுமாறாகும். பழைய அட்டை ஒன்றைப் பர்ஸிலேயே வைத்திருங்கள், கடையில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

காய்ச்சல், பல்வலி, முகப்பருவுக்கு வேறு டாக்டரிடம் போனால்?

உட்கார்ந்ததும் முதல் வார்த்தை "எனக்குக் கிட்னி மாற்று ஆகியிருக்கு, டேக்ரோலிமஸ் சாப்பிடுறேன்" என்பதாக இருக்கட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் கிட்னிக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். மாதவிடாய் வலிக்குக் கடையில் தரும் மெஃபனமிக் அமிலமும் இந்த ரகம்தான். பெண் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைக்க வேண்டும். பாராசிட்டமால் போடலாம்.

கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், பி.பி.க்கான டில்டியாசெம் ஆகியவை டேக்ரோ லெவலை ஏற்றும். வலிப்புக்கான ஃபினைட்டாயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை லெவலைச் சரித்துவிடும். நம் நாட்டில் காசநோய் சாதாரணம் என்பதால் ரிஃபாம்பிசினை அழுத்திச் சொல்கிறோம்: காசநோய் மருந்து ஆரம்பிக்கும் முன் நெஃப்ராலஜி டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் வகை மருந்து மைக்கோஃபீனோலேட்டை உறிஞ்ச விடாது. இரண்டு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

நிலவேம்பு, கபசுரக் குடிநீர், பாட்டி வைத்தியக் கஷாயம் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அவை டேக்ரோவோடு சேர்ந்தால் லெவல் எவ்வளவு மாறும் என்று அளந்து வைத்த கணக்கு இல்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படுபவை உங்கள் சிகிச்சைக்கே எதிரானவை. வீட்டு ரசத்தில் மிளகும் மஞ்சளும் போடுவது வேறு, மஞ்சள் கேப்சூல் வாங்கி விழுங்குவது வேறு. கன்னியாகுமரி, கேரளப் பக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று: பிலிம்பிக்காய்ச் சாறு கொலஸ்டிரால் குறைக்கும் என்று குடித்து, அதிலுள்ள ஆக்சலேட் படிந்து நல்ல கிட்னியே செயலிழந்தவர்கள் உண்டு. தொடாதீர்கள்.

முகம் உப்பிப்போச்சு, பரு, முடி கொட்டுது. ஃபோட்டோவே எடுக்கப் பிடிக்கல.

இதை அற்ப விஷயமாக யாராவது பேசினால் அவர்கள் தவறு. இந்த வயதில் மாத்திரையை நிறுத்த இதுவே பெரிய காரணம். முகம் உப்புவதும் பருவும் பசியும் பெரும்பாலும் பிரெட்னிசோலோனால் வருபவை. முதல் மாதங்களில் டோஸ் குறையக் குறைய வடியும். முடி கொட்டுவதும் கை நடுக்கமும் டேக்ரோவால் வரலாம். டேக்ரோவுக்குப் பதில் சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்களுக்கு முகத்தில் முடி வளரும், ஈறு தடிக்கும். டாக்டரிடம் "இது எனக்குத் தாங்கல" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். டோஸைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், பருவுக்குத் தோல் டாக்டரிடம் அனுப்பலாம். நீங்களாக நிறுத்தினால் ரிஜெக்‌ஷனுக்குச் சிகிச்சையாக அதே ஸ்டீராய்டு பெரிய அளவில் ஊசியாக ஏறும்.

அதிக தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர் என்றால் சர்க்கரை பாருங்கள். டேக்ரோவும் ஸ்டீராய்டும் சேர்ந்து சர்க்கரை நோயைக் கொண்டுவரலாம்.

எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் அன்றே. "நாளைக்குப் பார்க்கலாம்" கிடையாது. டெங்கு சீசனிலும் "எல்லாருக்கும் வருது" கிடையாது. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கும் என்பதால் 99.5-லேயே உடம்பு மிகவும் சோர்ந்தால் அதுவும் கணக்குதான். சிறுநீர் அளவு குறைந்தால், சிறுநீரில் ரத்தம் வந்தால், புதுக் கிட்னி இருக்கும் அடிவயிற்றுப் பக்கம் வலித்தால், ஒரே நாளில் ஒரு கிலோ எடை ஏறினால், மூச்சு வாங்கினால் அப்படியே. அம்மை போட்டவரோடு ஒரே அறையில் இருந்துவிட்டால், உங்களுக்குக் கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றே சொல்லுங்கள். தடுக்கும் சிகிச்சைக்குச் சில நாட்கள்தான் அவகாசம்.

சாப்பாடு, தண்ணீர்?

டயாலிசிஸ் காலத்தில் தண்ணீரை அளந்து குடித்த பழக்கத்தில் பலர் இப்போதும் குடிப்பதில்லை. டாக்டர் கட்டுப்பாடு சொல்லாதவரை ஒரு நாளைக்கு இரண்டரை, மூன்று லிட்டர், காய்ச்சி ஆறவைத்தது. வெளியே பானிபூரித் தண்ணீர், ஐஸ் போட்ட கரும்புச்சாறு, நறுக்கி வைத்த பழம், ஆஃப்பாயில், காய்ச்சாத பால் வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வரும் இட்லி, தோசை தாராளமாக. நாள்பட்ட தேங்காய்ச் சட்னிதான் ஆபத்து. உப்பு, ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் பி.பி.யை ஏற்றும்.

விளையாட்டு, ஜிம்?

ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம், ஷட்டில் ஆடலாம். புதுக் கிட்னி இடுப்பெலும்புக் குழியில், தோலுக்கு வெகு அருகில் இருக்கிறது. முதுகுப் பக்கக் கிட்னிக்குள்ள விலா எலும்புக் காவல் அதற்கு இல்லை. அதனால் கபடி, குத்துச்சண்டை வேண்டாம். ஜிம்மில் புரோட்டீன் பவுடரும் கிரியேட்டினும் வேண்டாம்; கிரியேட்டின் சாப்பிட்டால் கிரியேட்டினின் உயர்ந்து உண்மையான ஏற்றத்தை மறைக்கும். பச்சை குத்துவதையும் விட்டுவிடுங்கள். கிணறு, குளத்தில் குளிப்பது தொற்றுக்கு வழி.

தடுப்பூசி போடலாமா?

உயிருள்ள கிருமி கொண்டவை கூடாது: தட்டம்மை–மம்ப்ஸ்–ரூபெல்லா, சின்னம்மை, பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து. வருஷம் ஒருமுறை ஃப்ளூ ஊசி, நிமோனியா தடுப்பூசி, ஹெபடைட்டிஸ் பி, எச்.பி.வி. ஊசி போடலாம், போட வேண்டும்.

கல்யாணம், குழந்தை பற்றி யாரிடம் கேட்பது?

டாக்டரிடம்தான், அதுவும் முன்கூட்டியே. மாற்று கிட்னியோடு குழந்தை பெற்ற பெண்கள் ஏராளம். ஆனால் திட்டமிடாமல் கர்ப்பமாகக் கூடாது. மைக்கோஃபீனோலேட் கருவின் காது, உதடு, அண்ணம் போன்றவற்றில் குறை உண்டாக்கும். கருத்தரிக்க முயலும் முன் குறைந்தது ஆறு வாரம் அதை நிறுத்தி அசதயோபிரின் என்ற வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். எனலாப்ரில், லோசார்டான் போன்ற பி.பி. மாத்திரைகளும் கருவுக்கு ஆகாது. மாற்று நடந்து ஒரு வருஷமாவது ஆகி, கிரியேட்டினின் நிலையாக, பி.பி. கட்டுக்குள் இருந்தால் நல்லது. கர்ப்பமாகிவிட்டால் பயந்து எல்லா மாத்திரையையும் நிறுத்தாமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கல்யாணமாகாத பெண்ணிடம் டாக்டர் இதைப் பேசினால் பெற்றோர் கோபப்படுகிறார்கள். மருந்தின் பெயர் சீட்டில் இருக்கும்வரை இந்தப் பேச்சும் இருந்தே தீர வேண்டும். பையன்களுக்கும் கருத்தடை, ஆணுறை பற்றிச் சொல்வது டாக்டரின் வேலை.

அம்மா கொடுத்த கிட்னி. சண்டை வந்தாலே "என் உடம்பை அறுத்துக் கொடுத்தேன்"ங்கறாங்க.

இது அம்மாக்களுக்கான பதில். நம் ஊரில் பிள்ளைக்குக் கிட்னி கொடுப்பவர்களில் தாய்மார்களே அதிகம். உங்கள் பயமும் வலியும் நியாயம். ஆனாலும் அந்த வாக்கியம் மாத்திரை போட வைக்காது, மாத்திரை போடாததை மறைக்கத்தான் வைக்கும். "போட்டியா?" என்று கேட்டால் "போட்டேன்" என்ற பதில்தான் வரும். "இந்த வாரம் எத்தனை வேளை தப்பிச்சு?" என்று கேளுங்கள். தப்பும் என்பதை ஒத்துக்கொண்ட கேள்வி அது. உண்மையான பதில் வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் தப்புவது ராத்திரி வேளைதான், அதுவும் சனி, ஞாயிறு. அது தெரிந்துவிட்டால் அலாரத்தை மாற்றலாம், ஒரு வேளை மருந்து ஒத்துவருமா என்று டாக்டரைக் கேட்கலாம்.

பிள்ளைகளே, எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று மனசு சோர்ந்தால் அதையும் ஓ.பி.யில் சொல்லுங்கள், ஸ்டீராய்டே மனநிலையைக் கெடுக்கும். இரவு நேரமென்றால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழில் பேசலாம்.

இந்தக் கிட்னி எத்தனை வருஷம் வரும்?

உயிரோடிருப்பவர் கொடுத்தது சராசரியாக 15 முதல் 20 வருஷம், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வந்தது 10 முதல் 15 வருஷம் என்று சொல்வது வழக்கம். முப்பது வருஷம் தாண்டியவர்களும் உண்டு. 14 வயதில் வைத்துக்கொண்டவருக்கு வாழ்நாளில் இன்னொன்று தேவைப்படலாம். மாத்திரை விட்டு உருவான ஆன்டிபாடிகள் அப்போதும் குறுக்கே நிற்கும்: தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கும் உடலுறுப்பு தானத் திட்டத்தில் உங்கள் முறை வந்தாலும், கிராஸ்மேட்ச் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால், அதாவது வரும் கிட்னியை எதிர்க்கும் ஆன்டிபாடி உங்கள் ரத்தத்தில் இருந்தால், அந்தக் கிட்னி அடுத்தவருக்குப் போய்விடும்.

குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது என்ன கொண்டுபோகணும்?

12 வயதோடு குழந்தைகள் பிரிவு முடிந்துவிடும் மருத்துவமனைகளும் உண்டு, 18 வரை பார்ப்பவையும் உண்டு. எப்போது என்று ஒரு வருஷம் முன்பே கேளுங்கள். ரிஜெக்‌ஷன் சிகிச்சை நடக்கும்போதோ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தின மாதமோ மாறாதீர்கள். புது டாக்டரை ஒருமுறை பழைய டாக்டரோடு சேர்ந்து பார்க்க முடிந்தால் பாருங்கள். அங்கே ஓ.பி.க்கு வராவிட்டால் போன் பண்ணிக் கூப்பிட ஆள் இருக்காது.

பத்து கிலோ ஃபைலைப் புது டாக்டர் படிக்கமாட்டார். ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வாங்குங்கள்: கிட்னி கெட்ட காரணம், மாற்று நடந்த தேதி, கொடுத்தவர் யார், ரத்த வகை, எச்.எல்.ஏ. பொருத்தம் (கொடுத்தவர் திசுவும் உங்கள் திசுவும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது), வழக்கமான கிரியேட்டினின், லெவல் இலக்கு, நடந்த பயாப்ஸிகளும் முடிவும், ரிஜெக்‌ஷனுக்குக் கொடுத்த மருந்து, ஒவ்வாமை, தடுப்பூசிகள், ஃபிஸ்டுலா எந்தக் கை. போனில் ஒரு படம், மெயிலில் ஒரு பிரதி. கிட்னி கெட்ட காரணத்தை விட்டுவிடாதீர்கள். சில நோய்கள் புதுக் கிட்னியிலும் திரும்ப வரும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்தால் (குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்) அட்டையில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று மாறும் முன்பே பாருங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குபவர்கள், ஊர் மாறினால் எங்கே வாங்குவது என்று மருந்தகத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டலுக்குப் போறேன். யாரிடம் சொல்லணும்?

வார்டனிடமும் அறை நண்பர் ஒருவரிடமும் போதும். நண்பரிடம் மூன்று விஷயம்: எனக்கு மாற்று கிட்னி, காய்ச்சல் வந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு, வலி ஊசி போட விடாதே. பஸ்ஸிலும் ரயிலிலும் மாத்திரை தோள்பையில் இருக்கட்டும், மேலே ஏற்றும் பெட்டியில் வேண்டாம். போகும் நாட்களுக்கு மேல் மூன்று நாள் மாத்திரை கூடுதலாக எடுங்கள். ஜன்னலோர வெயிலிலும் குளியலறை அலமாரியிலும் வைக்காதீர்கள். இரண்டு அலாரம்: ஒன்று மாத்திரை நேரத்துக்கு, இன்னொன்று முக்கால் மணி நேரம் கழித்து. முதல் அலாரத்தைத் தூக்கத்தில் அணைத்துவிட்டாலும், இரண்டாவது அடிக்கும்போது எழுந்து டப்பாவின் அன்றைய அறையைத் திறந்து பாருங்கள், காலியாக இருக்கிறதா என்று.